பங்குக்கு வந்த அக்கா

அந்த அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு வராது. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கோபத்துக்குக் காரணமே அதுதான். அவரும் ஏதாவது செய்திருந்தால் சரிக்குச் சரி என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

ஊரில் எல்லாரும் அவரை உயிலங்குளத்து அக்கா என்றோம். பெயர் எனக்குத் தெரியும். மத்தியஸ்த சபை தந்த கடிதத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் கரையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

நாங்கள் மீள்குடியேறி இரண்டாவது வருடம். கரைவலைப் பருவம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தாழ்வுபாட்டுக்கு வந்தார். உயிலங்குளத்தில் முதல் பஸ் எடுத்து மன்னார் டவுனில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வருவார். ஓட்டோவுக்குக் காசு கொடுக்கமாட்டார். கரைக்கு வரும் வழியில் கடற்படையின் காவலரண் ஒன்று இருந்தது. அங்கே நிற்கிற பெடியன் ஒவ்வொரு முறையும் “கோஹெத யன்னே?” என்று கேட்பான். சிங்களத்தில் எங்கே போகிறாய் என்று அர்த்தம். அக்கா தமிழில் “காசு வேண்ட” என்பார், காசு வாங்க என்று. அவனுக்கு விளங்காது. விடுவான். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கேட்பான். அவரும் அதையே சொல்வார்.

ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வயலுக்குப் போகிறவர்கள் கட்டுவதுபோலக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய சேலை. கையில் செத்துப்போன புருசனின் பெரிய மணிக்கூடு. கக்கத்தில் மடித்த உரப்பை ஒன்று, ஒரு தண்ணீர்ப் போத்தல். கரைக்கு வந்ததும் ஒரு பனைக்குக் கீழே அந்த உரப்பையை விரித்து அதில்தான் இருப்பார். பக்கத்திலேயே எங்கள் வாடி, வலைச் சாமான் வைக்கிற ஓலைக் கொட்டில். நிழல் இருக்கிறது, வாங்கு இருக்கிறது. கவிழ்த்துப்போட்ட வள்ளம் கிடக்கிறது. ஊரில் யார் வந்தாலும் அதில்தான் குந்துவார்கள். இவர் குந்தமாட்டார். முதல் நாள் நானே கூப்பிட்டேன்.

“அக்கா, வாடிக்குள்ளை வந்து இருங்கோ. வெயில் ஏறுது.”

“வேண்டாம் தம்பி. வாடி உங்கடை.”

“இருந்தால் தேஞ்சோ போகும்?”

“தேயாது. ஆனால் நான் வாடிக்கு வரேல்லை. யூட்டின்ரை பங்குக்கு வந்தனான்.”

இதுதான் அவர். தன்னுடையது அல்லாத எதையும் தொடமாட்டார். தன்னுடையதை விடவும் மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடமும் அவரிடம் இல்லை. அப்படிப்பட்ட ஆளோடு எப்படிப் பழகுவது?

யூட் என் தங்கச்சியின் புருசன். கரைவலை என்றால் தனியாக ஒரு வீடு வைத்திருக்கக்கூடிய சாமான் இல்லை. ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டு, வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, மறு கயிற்றைத் தள்ளிக் கரைசேர்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கவேண்டும். வலை, வள்ளம், கயிறு எல்லாம் போரில் போய்விட்டது. திரும்பி வந்த ஐந்து வீட்டுக்காரர் ஆளுக்கொரு பங்கு காசு போட்டு ஒரு வலை வாங்கினோம். செபமாலை அண்ணன்தான் தலைமை. எப்போது வலை விடுவது, எந்த முதலாளிக்கு மீன் கொடுப்பது, யாரைக் கூலிக்குப் பிடிப்பது எல்லாம் அவர் சொல்வதுதான். யூட்டுக்கு வலது தோளில் ஷெல் துண்டு பட்டது. கயிறு இழுக்கமாட்டான். அவன் காசு மட்டும் போட்டவன். பங்கு வரும்போது வந்து வாங்கிக்கொண்டு போவான்.

அவன் போட்ட காசு உயிலங்குளத்து அக்காவினுடையது. மூன்று லட்சம். போர் முடிந்து சனத்தை வைத்திருந்த முகாமில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். வெளியே வந்தபின் அவன் போய்க் கேட்டிருக்கிறான். அவரிடம் காசு இல்லை. குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அதை அரிசி மில்காரர் ஒருவருக்கு உறுதி எழுதிக் கொடுத்துக் காசு எடுத்து இவனுக்குக் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை. மில்காரரின் உறுதியில் ஒரு நிபந்தனை. ஒன்றரை வருடம் கழித்து வரும் சித்திரை வருசப்பிறப்புக்குள் காசைக் கட்டினால் வயல் திரும்ப வரும். கட்டாவிட்டால் வயல் மில்காரருக்கே.

யூட் ஒரு பருவம் முழுக்க ஒரு சதமும் கொடுக்கவில்லை. அவனைக் கள்ளன் என்று சொல்லமாட்டேன். வீட்டுத்திட்டத்தில் காசு கட்டம் கட்டமாகத்தான் தருவார்கள். இவ்வளவு சுவர் எழுப்பினால் இவ்வளவு என்று. அடுத்த காசு வரவேண்டுமென்றால் முதலில் உன் கைக்காசைப் போட்டு அடுத்த கட்டத்தைக் கட்டிக் காட்டவேண்டும். அவன் வீடு யன்னல் மட்டத்தில் நின்றது. என் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தாள். வந்த பங்கெல்லாம் கல்லுக்கும் மண்ணுக்கும் போனது.

அக்கா சண்டைக்கு வரவில்லை. மத்தியஸ்த சபைக்கு எழுதினார். எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் நடுவில் இருந்தார்.

“அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?”

“என்ரை காசு வேணும் ஐயா. சித்திரைக்கு முதல் வேணும். இல்லாட்டி வயல் போயிடும்.”

செபமாலை அண்ணன் எழும்பினார். “காசு வேண்டினது யூட். வலை ஐஞ்சு வீட்டின்ரை. ஒருத்தன்ரை கடனுக்கு வலையை அறுத்துக் குடுக்கச் சொன்னால் மற்ற நாலு வீடும் மண்ணைத் தின்னுறதோ?”

“நான் வலையைக் கேக்கேல்லை,” என்றார் அக்கா. “அதைக் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது? நெல்லோ காயப்போடுறது?”

அதிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. பிறகு அவர் ஒரு கடிதம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். வலையின் வருமானம் பிரிக்கப்படும்போது யூட்டின் பங்கை அக்காவின் கையில் கொடுக்கவேண்டும், கடன் முடியும்வரை. வலையையோ வள்ளத்தையோ அவர் தொடமுடியாது. வலையை எப்படி நடத்துவது என்பதிலும் அவர் வாய் வைக்கமுடியாது. அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“ஐயா, எப்ப பிரிப்பினம் எண்டு இதிலை இல்லையே.”

“அது சனிக்கிழமை சனிக்கிழமை பிரிக்கிறதுதானே அம்மா. கரை வழக்கம். அதை ஏன் எழுதுவான்?” என்றார் அதிபர்.

செபமாலை அண்ணனும் ஓம் என்று தலையாட்டினார். அக்கா கையெழுத்து வைத்தார். வயல்காரிக்குக் கரை தெரியாது. அவர் செய்த ஒரே பிழை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டவன் நான்.

அன்று பின்னேரம் வாடியில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

“கடுதாசியிலை என்ன கிடக்கு? பிரிக்கேக்கை குடுக்கச் சொல்லித்தானே? பிரிச்சால்தானே குடுக்கிறது?”

செபமாலை அண்ணன் என்னைப் பார்த்தார். “சனிக்கிழமை பிரிக்கிறது வழக்கமடா.”

“இந்த முறை பிரிக்காமல் விடுவம். வலையின்ரை மடி கிழிஞ்சு கிடக்கு, புதுசு போடவேணும், காசு சேக்கிறம் எண்டு சொல்லுவம். வீட்டுச் செலவுக்கு ஆளாளுக்கு வலைக்காசு போடுற ரின்னிலையிருந்து எடுப்பம். அது பங்கு இல்லை, கைமாத்து. பருவம் முடியப் பாப்பம்.”

“பாவமடா அந்த மனுசி.”

“என்ரை தங்கச்சி தறப்பாளுக்குக் கீழை கிடக்கிறது பாவமில்லையோ?”

அவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். யூட் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். ஒருவனும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தன் தன் வீடு பாதியில் நின்றது. அதை இங்கே எழுதுவது என் பங்கைக் குறைப்பதற்காக இல்லை.

அந்தப் பருவம் நன்றாக இருந்தது. சூடை மீனும் கீளி மீனும் பட்டது. நெத்தலி வந்தால் கரை முழுக்க வெள்ளிபோலக் கிடக்கும். வலைக்காசு போடுகிற பிஸ்கட் ரின் நிறைந்து, காசு வேறு பெட்டிக்கு மாறியது. சனிக்கிழமை மட்டும் வாடியில் பங்கு பிரிக்கிற பாய் விரிக்கவில்லை.

அக்கா வருவார். உரப்பையை விரித்து இருப்பார். வலை கரையேறி, மீன் ஏற்றி, கூலி கொடுத்து எல்லாம் முடியும்வரை பார்ப்பார். பிறகு எழும்பி வந்து வாடிக்கு வெளியே நின்று கேட்பார்.

“பிரிக்கேல்லையோ?”

“இல்லை அக்கா. மடிக்குக் காசு சேக்கிறம்.”

“ஓம்.”

அவ்வளவுதான். உரப்பையை உதறி மடித்துக்கொண்டு நடப்பார். முதல் இரண்டு கிழமை எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த “ஓம்” என் காதில் குத்தத் தொடங்கியது. திட்டினால் திருப்பித் திட்டலாம். ஓம் என்கிற ஆளை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. பொடியன்களோடு சும்மா கத்துவேன். என் மனுசி கேட்பாள், உனக்கு என்ன விசரா என்று.

அவருக்கு ஏதாவது கொடுத்து அந்த வாயை நிறைத்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு அவதி. ஒருநாள் நல்ல விளைமீன் இரண்டை ஓலையில் கட்டிக் கொடுத்தேன்.

“கறிக்குக் கொண்டுபோங்கோ அக்கா.”

“மீன் வேண்டாம் தம்பி.”

“சும்மா தாறன். கணக்கில்லை.”

“சும்மா தாறதெண்டால் நாளைக்கு மீனும் தந்தனாங்கள்தானே எண்டு கதை வரும். வராட்டிலும் எனக்கு அப்பிடி இருக்கும்.”

மீனோடு நான் நின்றதைப் பார்த்துக் கயிற்றுக்காரர் பகிடி பண்ணினார்கள். “அண்ணை, உங்களுக்குப் பொம்பிளை பாக்க உயிலங்குளத்துக்கோ போறியள்?” என்று ஒருவன் கேட்டான். அந்த இரண்டு மீனையும் அவன் மூஞ்சியில் எறிந்தேன். உண்மையாகவே எறிந்தேன்.

இன்னொரு நாள் வலை கல்லில் மாட்டிவிட்டது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இழுபடும் கயிற்றில் யார் வந்து கை வைத்தாலும் அவருக்கு அன்றைய மீனில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். ஊரா, பிற ஊரா, பார்ப்பதில்லை. அன்று ஆட்கள் போதவில்லை. செபமாலை அண்ணன் கத்துகிறார். கரையில் நின்ற கிழவன், ஐஸ் கொண்டுவந்த லொறிக்காரன், எல்லாரும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு பனையடிப் பக்கமாக நகர்ந்தது. அக்கா எழும்பினார். வந்து பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உரப்பையை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போய், எங்கள் காலுக்கு இடம் விட்டு நின்றார்.

வலை வந்த பிறகு, மூச்சு வாங்க, நான் போய்க் கேட்டேன். “ஏன் அக்கா, ஒரு கை குடுத்தால் குறைஞ்சு போவியளோ?”

“கை வைச்சால் எனக்குக் கைப்பங்கு தரவேணும். பிறகு நான் ஆர், கயிற்றுக்காரியோ கடன்காரியோ எண்டு உங்களுக்கும் குழம்பும், எனக்கும் குழம்பும்.”

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை செபமாலை அண்ணன் நல்ல பாரை மீனை வழமையான முதலாளியை விட்டுவிட்டுத் தன் சம்பந்திக்குக் குறைந்த விலைக்குத் தூக்கிக் கொடுத்தார். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். அந்த விலைக்குறைவில் அவருடைய காசும் போகிறது. அது அவருக்கு விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. வலை நடத்துவதில் வாய் வைக்கமுடியாது என்று கடிதத்தில் கையெழுத்து வைத்தவர். வைத்தால் வைத்ததுதான். அதே கடிதத்தில் நாங்களும் வைத்தோம்.

மாசி மாதம் தங்கச்சி வீட்டுக்குச் சீமெந்து இறங்கியது. யூட் ரின்னிலிருந்து எடுத்த கைமாத்துக் காசு. அக்கா டவுனுக்கு நடக்கிற வழியில்தான் அந்த வீடு. தங்கச்சி அன்று இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லையாம். காலையில் என்னிடம் வந்தாள்.

“அண்ணா, அந்த அக்கா படலையடியிலை நிண்டு சீமெந்துப் பையளைப் பாத்தவ. நான் உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ எண்டன். வேண்டாமெண்டிட்டா.”

“ஏசினவவோ?”

“ஏசேல்லை. யூட் அவவின்ரை மகளைத் தோளிலை வைச்சுத் தண்ணிக்குள்ளாலை கொண்டுவந்தவன் எண்டு சொன்னவ. கழுத்தளவு தண்ணியாம். ஷெல் அடிக்கேக்கையும் கீழை போடேல்லையாம். அதை நினைச்சுத்தான் வயலை எழுதினவவாம். ‘அது வேறை, காசு வேறை, பிள்ளை. அதுக்காகத்தான் வட்டியில்லாமல் குடுத்தனான். முதலைத் தரவேணும்’ எண்டவ.” தங்கச்சி அழத் தொடங்கினாள். “குடுத்திடுங்கோவன் அண்ணா. நாங்கள் இன்னும் ஒரு வருசம் தறப்பாளுக்குக் கீழை கிடக்கிறம். பழகிப் போச்சு.”

நான் அவளுக்குக் கத்தினேன். உனக்காகத்தானே இவ்வளவும் என்றேன். அது முழு உண்மை இல்லை. ரின்னிலிருந்து நானும் எடுத்திருந்தேன். புது இஞ்சினுக்கு முற்பணம் கட்டியிருந்தேன்.

சித்திரைக்கு முந்தின சனிக்கிழமை அவர் வழமைபோல வாடிக்கு வெளியே நின்று கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, வாற கிழமை வருசம் பிறக்குது. இண்டைக்கெண்டாலும் பிரிப்பியளோ?”

நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிர்த்தவில்லை. “கோயில் பெருநாளுக்குப் பிறகு பாப்பம் அக்கா.”

“பெருநாளுக்குப் பிறகெண்டால் எனக்குப் பிரயோசனம் இல்லை.”

“செபமாலை அண்ணன்தான் சொல்லவேணும்.”

அவர் செபமாலை அண்ணனிடம் போகவில்லை. திரும்பிப் போய் உரப்பையில் இருந்தார். எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகும் இருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இருந்தார். நான் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகமுடியாமல் வலையின் ஒரே கண்ணைத் திரும்பத் திரும்பப் பொத்திக்கொண்டிருந்தேன். காசுப் பெட்டி வாடிக்குள், என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எழும்பித் திறந்தால் அவர் வயல் அவருக்கு. நான் எழும்பவில்லை.

வருசம் பிறந்தது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காவலரணுக்கு இந்தப் பக்கம் அவர் நடந்து வருகிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மில்காரர் காணியை எடுத்திட்டாரோ?” என்று கேட்டேன்.

“எடுத்திட்டார்.”

“பிறகேன் வந்தனீங்கள்?”

“காசு என்ரைதானே தம்பி.”

அடுத்த சனிக்கிழமை எங்கள் கோயில் பெருநாளின் வேஸ்பர், அதாவது முதல்நாள் பின்னேர ஆராதனை. போருக்குப் பிறகு முதன்முதலாகப் பெரிய எடுப்பில் செய்கிற பெருநாள். புனிதரின் சுரூபம் வைத்த கூட்டைத் தூக்குகிற உரிமை கோயிலுக்குப் பங்கு செலுத்திய வலைகளுக்குத்தான். இது பழைய வழக்கம். செபமாலை அண்ணனின் தகப்பன் தூக்கியவர், தாத்தா தூக்கியவர். இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் அவர் இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுவார், கூடு தூக்கவேணும் என்று. யாரையும் கேட்காமல் அவர் பெட்டியைத் திறந்து, முழுப் பருவத்துக்கும் கணக்குப் பார்த்து, இருபதில் ஒன்றை எடுத்து, வெள்ளைத் துணி போட்ட தட்டில் வைத்துக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார். தட்டைக் கொண்டுபோனது நான். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அந்த நேரம் ஒருவனுடைய மண்டைக்கும் எட்டவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒவ்வொரு வலையாக. எங்கள் முறை வந்தது. “செபமாலை வலை, கோயில் பங்கு, எண்பதாயிரம் ரூபாய்.” கரை முழுக்கக் கேட்டது. பனையடிக்கும் கேட்டது.

அவர் கோயில் வளவுக்குள் வந்தார். செருப்பைப் படலையில் கழற்றிவிட்டு, சுரூபத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எங்களிடம் வந்தார். செபமாலை அண்ணன் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக, கூட்டின் தண்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

“கோயிலுக்குப் பங்கு குடுத்தாச்சோ?”

“குடுத்தாச்சு அக்கா. கேட்டிருப்பியளே.”

“அப்ப பிரிச்சாச்சு.”

செபமாலை அண்ணனுக்குச் சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. நான் முன்னால் வந்தேன். “அது வேறை அக்கா. அது கோயில் விசயம்.”

அவர் என்னோடு வாதாடவில்லை. பக்கத்தில் நின்ற மூப்பரிடம் திரும்பினார். கோயில் காரியங்களைப் பார்க்கிற வயதானவர்.

“ஐயா, எனக்கு உங்கடை கரை வழக்கம் தெரியாது. கோயிலுக்கு எப்ப எடுக்கிறது?”

“பங்கு பிரிக்கிற பாயிலைதான் பிள்ளை. முதல் கோயிலுக்கு இருபதிலை ஒண்டு, பிறகு வீடுகள்.”

“பிரிக்காமல் எடுக்கிறேல்லையோ?”

“அதெப்பிடி? பிரிக்காத காசு எல்லாரின்ரையும். அதுக்குள்ளை கையை விட்டுக் கோயிலுக்குக் குடுத்தால் அது களவெல்லோ.” மூப்பர் செபமாலை அண்ணனைப் பார்த்தார். “நீ பிரிச்சுத்தானே குடுத்தனி?”

கூடு தூக்க ஆட்கள் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மணி அடிக்கப்போகிறது. செபமாலை அண்ணன் இல்லை என்று சொல்லமுடியாது. சொன்னால் தண்டில் கை வைக்கமுடியாது.

“பிரிச்சுத்தான்,” என்றார்.

“இருபதிலை ஒண்டு எண்பதாயிரம்,” என்றார் அக்கா. “எல்லாமாப் பதினாறு லட்சம். கோயிலுக்குப் போக மிச்சம் ஐஞ்சிலை ஒண்டு மூண்டு லட்சத்து நாலாயிரம். வாற சனிக்கிழமை வாறன்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். செபமாலை அண்ணன் கூடு தூக்கினார். அந்த முகத்தோடு கூடு தூக்கின ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வருசத்துக்கும் பெருநாளுக்கும் ஆளாளுக்கு எடுத்ததும் கோயில் பங்கும் போக, பெட்டியில் அவ்வளவு காசு எங்கே மிச்சம்? யூட்டின் பங்கில் பாதிக்கு மேல் சுவராகிவிட்டது. மற்ற நாலு பேரும்தான் போடவேண்டியிருந்தது. நான் மனுசியின் காப்பை அடகு வைத்தேன். இஞ்சினுக்குக் கட்டின முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பாதிதான் கிடைத்தது. அந்தக் கிழமை முழுக்க நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

சனிக்கிழமை வாடியில் பாய் விரித்தோம். அவர் முதன்முதலாக வாடிக்குள் வந்தார். பாயில் இருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் உரப்பையைப் போட்டு இருந்தார். காசை எண்ணினார். நாலாயிரத்தைத் தனியாக எடுத்து யூட்டின் பக்கம் தள்ளினார்.

“இது என்ரையில்லை.”

யூட் எடுக்கவில்லை. அழுதான். “அக்கா, வயல்...” என்றான்.

“எடு,” என்றார். “மகள் உன்னைக் கேக்கிறவள். வீட்டுப் பக்கம் வா.” பிறகு சபைக் கடிதத்தைச் செபமாலை அண்ணனின் கையில் கொடுத்தார். “முடிஞ்சுது.”

அதற்குப் பிறகு அவர் கரைக்கு வரவில்லை. யூட் இரண்டொரு தரம் உயிலங்குளத்துக்குப் போய்வந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எனக்குச் சனிக்கிழமைதான் பிரச்சினை. பங்கு பிரிப்பது முறைப்படி நடந்தது. பாய்க்குப் பக்கத்தில் வெறும் மண்தான் கிடந்தது. அதில் ஒருவனையும் நான் இருக்கவிடவில்லை. ஏன் என்று கேட்டவனோடு சண்டை பிடித்தேன்.

அடுத்த காலபோக நெல் வெட்டு நடக்கிறபோது மோட்டார் சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு உயிலங்குளம் போனேன். விற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சட்டைப் பையில் முப்பதாயிரம் ரூபாய் இருந்தது. ஒரு போகத்து நெல்லின் விலை அவ்வளவு வருமா என்றுகூட எனக்குத் தெரியாது. மனுசிக்குத் தெரியாமல் சேர்த்தது.

குளத்துக்குக் கீழே ஒரு வயலில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வரம்பில் நின்றார். வயலுக்குள் கால் வைக்கவில்லை.

“தம்பி, மீன் விக்கவோ வந்தனீங்கள்?”

“கருவாடு.” நான் மெசினைப் பார்த்தேன். “இதுவோ உங்கடை வயல்?”

“மில்காரரின்ரை. எத்தினை மூடை வருதெண்டு பாக்க வந்தனான். இந்த முறை நல்ல விளைச்சல்.”

“மூண்டு லட்சத்தைக் கொண்டுபோய்க் குடுத்துப் பாத்தனீங்களோ?”

“குடுத்தன். தவணை முடிஞ்சுது எண்டவர். முடிஞ்சதுதானே. கையெழுத்து வைச்சனான்.”

மூடிவைத்ததைக் கொட்டினேன். கோபத்தில்தான். “அக்கா, மாசியிலையே காசு இருந்தது. சித்திரைக்கு முதல் கிழமையும் பெட்டியிலை இருந்தது. பிரிக்கவேண்டாமெண்டு சொன்னது நான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சே பேசாமல் இருந்தனீங்கள்? வந்து கத்தியிருக்கலாம். சபைக்குத் திரும்பப் போயிருக்கலாம்.”

“போனனான் தம்பி. எப்ப பிரிக்கவேணுமெண்டு கடுதாசியிலை இல்லை, வலைக்காரர் விருப்பம் எண்டவை.”

அது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. நான் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினேன்.

“இதைப் பிடியுங்கோ.”

“என்ன காசு?”

என்ன காசு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பங்கு என்று சொல்லமுடியாது. கடன் என்றும் சொல்லமுடியாது. அவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

“யூட்டின்ரை கடன் முடிஞ்சுது. வலைக்காரரோடை எனக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. நீங்கள் எனக்கு ஒண்டும் தரவேண்டியதில்லை, தம்பி.”

மெசின் எங்கள் பக்கம் திரும்பி வந்தது. தூசு பறந்தது. அவர் வரம்பில் எனக்கும் நிற்க இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.